பெயரே போடாமல் உலகின் முதல் போட்டோ புத்தகம்... கடற்பாசியை நீலத்தில் பதித்த அன்னா அட்கின்ஸ்!

உங்க போன் கேலரியைத் திறந்து எத்தனை போட்டோ இருக்குன்னு ஒருமுறை பாருங்க. ஐயாயிரம்? பத்தாயிரம்? சரி, அதுல மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஏதாவது ஒரு பூவோட போட்டோவைத் தேடி எடுங்க. அது என்ன பூ, எந்த ஊர்ல எடுத்தது, அப்போ கூட யார் இருந்தாங்க... சட்டுனு சொல்ல முடியுதா?

பெரும்பாலும் முடியாது. இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

ஆர்ட் புத்தகங்கள் சேர்ப்பது, செடி கொடி பிரின்ட் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டுவது என்று உங்களுக்கு ஒரு கிறுக்கு இருந்தால், ஒரு படத்தை நிச்சயம் கடந்து வந்திருப்பீர்கள். அடர்நீலப் பின்னணி. நடுவில் வெள்ளை நிழல் மாதிரி ஒரு கடற்பாசி. ஒவ்வொரு இழையும் தலைமுடி போலத் தெளிவாக விரிந்திருக்கும். கீழே அழகான கையெழுத்தில் லத்தீன் பெயர். போஸ்டர், நோட்டு அட்டை, போன் கவர் என எங்கும் சுற்றுகிற அந்தப் படத்தை ஏதோ ஒரு நவீன டிசைனர் செய்ததாக நினைத்திருப்பீர்கள்.

அதைச் செய்தவர் 1799-ல் பிறந்த ஓர் ஆங்கிலேயப் பெண். பெயர் அன்னா அட்கின்ஸ். அவர் கைப்படச் செய்த அந்தப் புத்தகத்தில், அவருடைய பெயர் எங்குமே முழுதாக இல்லை!

அம்மா இல்லாத வீடு... அப்பாவின் ஆய்வகம்!

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கிற டன்பிரிட்ஜ் என்ற ஊரில், 1799 மார்ச் 16-ம் தேதி பிறந்தார் அன்னா. பிரசவத்துக்குப் பிறகு அம்மாவின் உடல்நிலை தேறவே இல்லை. மறுவருடமே இறந்துபோனார். அதன்பின் அன்னாவுக்கு எல்லாமே அப்பாதான்.

அந்த அப்பா சாதாரண ஆள் கிடையாது. ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், வேதியியல், விலங்கியல் என எதையும் விட்டுவைக்காத அறிவியல் ஆர்வலர். வீட்டிலேயே ஆய்வகம் வைத்திருந்தார். அந்தக் காலத்தின் மிகப்பெரிய மின்கலங்களில் ஒன்றை அங்கே கட்டினார். ஹம்ப்ரி டேவி மாதிரியான பெரிய விஞ்ஞானிகள் அதைப் பார்க்க வந்து போனார்கள். பெண்களுக்குக் கல்லூரிக் கதவுகள் மூடியிருந்த காலத்தில், அன்னாவுக்கு வீடே கல்லூரியானது.

1816-ல் குடும்பத்தின் வங்கி திவாலானது. வசதியாக இருந்த குடும்பம் ஆட்டம் கண்டது. அப்பா பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அன்னாவுக்கு அப்போது 17 வயது.

அந்த மியூசியம் வேலையிலிருந்துதான் அன்னாவின் முதல் பெரிய படைப்பும் வந்தது. லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் சிப்பிகளை வகைப்படுத்தி எழுதியதை அப்பா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதற்கு 250-க்கும் மேற்பட்ட படங்களை வரைந்து கொடுத்தார் அன்னா. 1823-ல் அது வெளிவந்தது. ஒரு சிப்பியின் வளைவு ஒரு நூல் அளவு தப்பினாலும், அது வேறு சிப்பியாகிவிடும். துல்லியம் எவ்வளவு கஷ்டம் என்பதை இருபதுகளிலேயே விரல் நுனியில் தெரிந்துகொண்டார் அவர்.

1825-ல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரோடு கல்யாணம். கென்ட்டிலேயே ஹால்ஸ்டெட் என்ற கிராமத்தில் பெரிய வீடு. குழந்தைகள் இல்லை. நாள் முழுக்கச் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதி வைக்கிற வேலைக்கு அவருக்கு நேரமும் இருந்தது, பணமும் இருந்தது. அந்தப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிடணும். கணவர் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்த குடும்பம். ஜமைக்காவில் அவர்களுக்கு இருந்த தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். அன்னாவின் அமைதியான அறைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. அவரைக் கொண்டாடும்போது இதை மறைக்க வேண்டியதில்லை.

படமே இல்லாத புத்தகம்!

1839-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. லண்டன் தாவரவியல் சங்கம் பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்தது, அன்னா அதில் சேர்ந்தார். அதே வருடம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், ஒளியால் தாளில் படம் பதிக்கும் தன் கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்தார். டால்பட் அன்னாவின் அப்பாவுக்கு நன்கு பழக்கமானவர். அப்பாவும் மகளும் இந்தப் புது வித்தையில் உற்சாகமாக இறங்கினார்கள்.

1841-ல் வில்லியம் ஹார்வி என்ற தாவரவியலாளர், பிரிட்டன் கடற்கரைகளில் கிடைக்கும் கடற்பாசிகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். முக்கியமான புத்தகம்தான். ஆனால், உள்ளே படங்களே கிடையாது! கடற்பாசி என்றால் நமக்கு நோன்புக் காலத்தில் செய்கிற அந்த வழுவழு இனிப்பு ஞாபகம் வரும். கடலுக்குள் அது நூற்றுக்கணக்கான வகை. சிலது ரிப்பன் மாதிரி, சிலது பனிமூட்டம் மாதிரி மெல்லிசு. வெறும் வார்த்தைகளை வைத்து எதை எப்படிக் கண்டுபிடிப்பது? வரையலாம் என்றால், இவ்வளவு நுணுக்கமான இழைகளை வரைந்து முடிக்கவே முடியாது. 250 சிப்பிகள் வரைந்தவருக்கு இது தெரியாதா என்ன?

மறுவருடமே விடை வந்தது. 1842-ல் இன்னொரு குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷல், சயனோடைப் என்ற முறையைக் கண்டுபிடித்தார். ஹெர்ஷல் அதைக் குறிப்புகளையும் கணக்குகளையும் நகல் எடுக்க உதவும் ஒரு முறையாகப் பார்த்தார். அதை வைத்து ஒரு புத்தகமே போடலாம் என்று நினைத்தவர் அன்னா.

வெயிலும் தண்ணியும் போதும்!

அவர் செய்த முறை இதுதான். இரண்டு இரும்பு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் கலந்து, வெளிச்சம் குறைவான அறையில் தாளில் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கடற்பாசியை இழை இழையாக விரித்து வைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி, அப்படியே வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் ரசாயனம் மாறி, தாளோடு ஒட்டிக்கொள்ளும். பாசி மறைத்த இடம் மாறாமல் அப்படியே இருக்கும். பிறகு தாளைத் தண்ணீரில் அலசினால், மறைந்திருந்த இடம் கழுவிப்போய் வெள்ளையாகும். மற்ற இடமெல்லாம் அடர்நீலம். கேமரா தேவையில்லை, லென்ஸ் தேவையில்லை.

லேபிள்களுக்கும் இதே தந்திரம்தான். மெல்லிய தாளில் பெயரை எழுதி, எண்ணெய் தடவி ஒளி ஊடுருவும்படி செய்து, பாசியோடு சேர்த்தே வெயிலில் வைப்பார். பாசியும் பெயரும் ஒரே சமயத்தில் பதியும். அச்சுக்கூடமே தேவைப்படவில்லை.

பில்டிங் பிளானுக்கு ‘புளூபிரின்ட்’ என்று சொல்கிறோமே, அது இதே முறைதான். இன்ஜினீயர்கள் இதைக் கையிலெடுக்கப் பல வருடங்கள் முன்பே, அன்னா தன் வீட்டில் இதைச் செய்துகொண்டிருந்தார்.

1843 அக்டோபரில் புத்தகத்தின் முதல் பகுதி தயாரானது. போட்டோக்களையே படங்களாகக் கொண்ட உலகின் முதல் புத்தகம் இதுதான். போட்டோகிராபியைக் கண்டுபிடித்த டால்பட்டின் சொந்தப் புத்தகமே, அடுத்த வருடம் ஜூனில்தான் வந்தது! அவரை முதல் பெண் போட்டோகிராபர் என்றும் பலர் சொல்வதுண்டு. அதில் வேறு சில பெயர்களும் போட்டியில் இருக்கின்றன. ஆனால், முதல் புத்தகம் என்கிற இடம் அன்னாவுக்கே.

ஒரு பிரதியில் சுமார் 400 பக்கங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூசி, காயவைத்து, வெயிலில் காட்டி, அலசி எடுத்தது. பதினைந்து பிரதி என்று வைத்துக்கொண்டால்கூட ஆறாயிரம் முறை! அதுவும் எப்போது மேகம் மூடும் என்றே தெரியாத இங்கிலாந்து வெயிலில். முடிக்கப் பத்து வருடங்கள் ஆனது.

விற்கவில்லை... கொடுத்தார்!

புத்தகச் சேகரிப்பாளர்கள் ரசிக்கிற இடம் இனிதான். அன்னா இதைக் கடையில் விற்கவில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நண்பர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் அனுப்பினார். ஹெர்ஷலுக்கு ஒன்று, டால்பட்டுக்கு ஒன்று, ராயல் சொசைட்டிக்கு ஒன்று. பகுதிகளை வரிசைப்படுத்தித் தைத்து, பைண்டிங் செய்துகொள்ள வேண்டியது வாங்கிக்கொண்டவர் பொறுப்பு. முன்பு அனுப்பியதைவிட நல்ல படம் அமைந்தால், பழையதை எடுத்துவிட்டு வைத்துக்கொள்ள புதுசும் அனுப்புவார். அதனால் எந்த இரண்டு பிரதியும் ஒன்றுபோல இருக்காது.

யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷமா துண்டு துண்டாக வந்த நீலத் தாள்களை ஒருவர் பத்திரப்படுத்தவில்லை என்றால், அந்தப் பிரதி அதோடு காலி. இன்று உலகம் முழுக்க மிஞ்சியிருப்பது இருபதுக்கும் குறைவான பிரதிகள். எல்லாமே வாங்கிய யாரோ ஒருவர் அக்கறையாகச் சேர்த்து வைத்ததால் மிஞ்சியவை.

1852-ம் வருடத்தின் முதல் நாள் அப்பா இறந்துபோனார். கடைசி வருடங்களில் மகள் வீட்டில்தான் இருந்தார் அவர். அம்மாவைப் பார்த்த நினைவே இல்லாத ஒரு பெண்ணுக்கு, அந்த இழப்பு எப்படி இருந்திருக்கும்? அன்னா உடைந்துபோனார். அப்போது கூட வந்து தங்கியவர் ஆன் டிக்ஸன், சின்ன வயதிலிருந்து சகோதரி மாதிரி வளர்ந்த தோழி. இரண்டு பேரும் மறுபடி தாளும் கண்ணாடியுமாக உட்கார்ந்தார்கள். கடற்பாசி வேலை 1853-ல் முடிந்தது. அதே வருடம் பெரணிச் செடிகளை வைத்து ஒரு தொகுப்பு. 1854-ல் பூச்செடிகளும் பெரணிகளுமாக இன்னொன்று. அப்பாவின் வாழ்க்கையையும் எழுதி, தெரிந்தவர்களுக்கு மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார் அன்னா. 1865-ல் தான் சேர்த்த உலர்தாவரங்களை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். 1871 ஜூன் 9-ம் தேதி, 72 வயதில் காலமானார்.

‘ஏ.ஏ.’ யார்?

கடற்பாசிப் புத்தகத்தின் முன்னுரையில் அவர் போட்ட கையெழுத்து ‘ஏ.ஏ.’ என்ற இரண்டு எழுத்து மட்டும்தான். நண்பர்களுக்கு அது போதும். யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நண்பர்களும் ஒருநாள் இறந்துபோவார்கள் இல்லையா? அவர் மறைந்து சுமார் இருபது வருடங்களில், வில்லியம் லாங் என்கிற சேகரிப்பாளர் கையில் ஒரு பிரதி கிடைத்தது. அந்த எழுத்துகளைப் பார்த்து, பெயர் வெளியிட விரும்பாத யாரோ ஓர் அமெச்சூர் என்று ஆங்கிலத்தில் விரித்துக்கொண்டார் அவர். ‘அனானிமஸ் அமெச்சூர்’... எழுத்துக் கணக்கு சரியாகவும் பொருந்திவிட்டது! பிறகு விசாரித்துத்தான் உண்மைப் பெயர் தெரிந்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அவர் பெயர் தூசியில்தான் கிடந்தது. 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாரி ஷாஃப் என்ற போட்டோகிராபி வரலாற்று ஆய்வாளர் தோண்டியெடுத்து, 1985-ல் புத்தகமாக எழுதினார். 2015 மார்ச் 16 அன்று கூகுளின் முகப்பிலேயே அன்னாவுக்கு டூடுல் வந்தது.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாசிக்கும் எண்ணெய் தடவிய தாளில் முழுப் பெயர் எழுதி, சேர்த்தே பதித்தவர் அவர். தனக்கு மட்டும் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். பாசிகளின் பெயர்கள் ஒருநாளும் தொலையவில்லை. அவர் பெயர் தொலைந்து கிடைத்தது.

நீங்க சேர்க்க ஆரம்பிக்கணுமா?

அசல் பிரதிகள் மியூசியங்களிலும் பெரிய நூலகங்களிலும்தான். ஹெர்ஷலுக்கு அன்னா அனுப்பிய பிரதி இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களை அவர்கள் ஆன்லைனில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். டவுன்லோடு பண்ணி, நல்ல மேட் பேப்பரில் பிரின்ட் போட்டுக்கலாம். மறுபதிப்புப் புத்தகங்களும் வந்திருக்கின்றன.

சயனோடைப்பை நீங்களே செய்து பார்ப்பதும் சுலபம். வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? கிட் வாங்கினால் மாடியில் ஒரு மதியத்தில் முடிஞ்சிடும். முருங்கை இலை, புளிய இலை எதுவும் வைக்கலாம். ரெண்டு எச்சரிக்கை. சோப்புத் தண்ணி பட்டால் நீலம் போய்விடும். நேர் வெயில் விழுகிற சுவரில் மாட்டினால் மங்கும், கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும்.

கடைசியா ஒண்ணு. பிரின்ட் எடுத்தாலும் சரி, புத்தகம் வாங்கினாலும் சரி, பின்பக்கம் பென்சிலால் நாலு விஷயம் எழுதுங்க. என்ன செடி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் செய்தது. அந்த நாலாவதில் உங்க பெயரை முழுசா எழுதுங்க, இனிஷியல் மட்டும் வேண்டாம்.

இப்போ அந்தப் பூ போட்டோவுக்குத் திரும்பிப் போங்க. அம்மாகிட்ட கேட்டால் அந்தப் பூவோட பெயர் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கே கேட்டு எழுதி வெச்சிடுங்க!