மனம் மாறிய உறுப்பினர்

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கடைசி நேரத்தில் நிலை மாறினால், அதன் பின்னணியில் பேரம் இருக்கும் என்றே முதலில் ஐயுறுவேன். அந்த ஐயம் எப்போதும் நியாயமாகிவிடாது என்று எனக்கு உணர்த்தியது ஹாரி பர்னின் வாழ்க்கை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நையோட்டா என்ற சிற்றூரில் 1895இல் பிறந்தவர் பர்ன். 1918 தேர்தலில் வென்று மாநிலச் சட்டமன்றத்துக்குச் சென்றார். 1920இல் அவருக்கு வயது 24, அவையிலேயே இளையவர்.

பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் 19ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற, அன்றைய 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும். 35 மாநிலங்கள் தந்துவிட்டன. எஞ்சிய ஒன்றுக்காக நாடே நாஷ்வில் நகரை நோக்கியிருந்தது. ஆதரவாளர்கள் மஞ்சள் ரோஜாவும் எதிர்ப்பாளர்கள் சிவப்பு ரோஜாவும் அணிந்திருந்தனர். பர்ன் அணிந்திருந்தது சிவப்பு.

ஆகஸ்ட் 18 அன்று, திருத்தத்தைக் கிடப்பில் போடும் தீர்மானத்துக்கு ஆதரவாகவே பர்ன் வாக்களித்தார். வாக்குகள் 48-48 எனச் சமமாகத் தீர்மானம் தோற்றது. அடுத்து, திருத்தத்தின் மீதே வாக்கெடுப்பு. இம்முறை பர்ன் ஆதரவாக வாக்களித்தார். 49-47 என்ற கணக்கில் திருத்தம் வென்றது.

அவரது சட்டைப் பையில் தாய் ஃபெப் எழுதிய கடிதம் இருந்தது. கணவரை இழந்து பண்ணையைக் கவனித்துவந்த அந்தப் பெண்மணி, நாளிதழ்களில் மகனின் நிலைப்பாட்டைத் தேடியும் காணாமல், வாக்குரிமைக்கு ஆதரவளிக்குமாறு எழுதியிருந்தார்.

லஞ்சம் பெற்றார் என்ற பழி உடனே எழுந்தது. பர்ன் ஒளிந்துகொள்ளவில்லை, மறுநாளே தம் காரணங்களை அவைக் குறிப்பில் பதியவைத்தார். நியாயத்தின் மீதான நம்பிக்கை, தாயின் அறிவுரை, 1.70 கோடிப் பெண்களை விடுவிக்கும் அரிய வாய்ப்பு ஆகியவற்றோடு, தம் கட்சிக்குப் பெருமை சேர்க்கும் விருப்பத்தையும் அவர் மறைக்கவில்லை. அந்த ஒளிவின்மையே என்னை ஈர்க்கிறது.

அந்த ஒரு வாக்கால் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1920 நவம்பரில் கடும் எதிர்ப்பைத் தாண்டி மீண்டும் வென்ற பர்ன், பின்னாளில் வழக்கறிஞராகவும் வங்கியாளராகவும் மாநில செனட் உறுப்பினராகவும் விளங்கி 1977இல் மறைந்தார். இன்றும் ஓர் உறுப்பினர் அணி மாறும்போது எனக்கு ஐயம் எழத்தான் செய்கிறது. ஆனால், தீர்ப்புக்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: தம் காரணத்தை அவர் அவையில் பதிவுசெய்தாரா?