ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லம் ஆனது!
மதுவை ஒழிக்க 92 வயதிலும் மழையில் போனவர்

ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாகக் காப்பாற்றி வருகிறது. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் பிறந்த வீடு அது. ஆம், மூதறிஞர் ராஜாஜி பிறந்த வீடு!

1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் வெங்கடார்யா ஊர் முன்சீப். தாயார் சிங்காரம்மாள். ராஜாஜிக்கு 5 வயது ஆனபோது குடும்பம் ஓசூருக்குக் குடிபோனது. பிறகு பெங்களூரில் படிப்பு, சென்னையில் சட்டப் படிப்பு.

வக்கீல் தொழில்

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வருமானம் கொட்டியது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனார். காந்திஜி கூப்பிட்டதும் தொழிலையே விட்டுவிட்டார். 1921 டிசம்பரில் ஜெயிலுக்கும் போனார்.

1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் வேலையோடு மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே நடந்தது. அதற்கென்றே `விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். துணைக்கு இருந்தவர் கல்கி.

1930-ல் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போய் உப்பு அள்ளினார். மறுபடியும் ஜெயில்!

கொல்லிமலையிலும் தடை

1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். முதல் வேலையாக மதுவிலக்கில் கை வைத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லா முழுவதும் மதுக்கடைகள் மூடப்பட்டன.

அன்றைய சேலம் ஜில்லா ரொம்பப் பெரியது. அவர் பிறந்த தொரப்பள்ளியும் அதில்தான் இருந்தது. கொல்லிமலை உச்சியில் உள்ள குண்டூர் நாடும் அதில்தான் இருந்தது. இன்று ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டம், மற்றது நாமக்கல் மாவட்டம்.

கள், சாராய வருமானம் நின்றதால் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார். கடைக்காரர்கள் பல ஆண்டு கட்டிய வரி பிறந்த கதை இதுதான்!

பதவியும் எதிர்ப்பும்

பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கியதால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. போர் விஷயத்தில் வெள்ளைக்கார அரசாங்கத்தோடு ஒத்துப்போக முடியாமல், 1939-ல் மந்திரிசபையே ராஜினாமா செய்தது.

1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1952-ல் சென்னை மாகாண முதல்-மந்திரி ஆனார். உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். ஜனங்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் 1953-ல் கொண்டு வந்த அரைநேரப் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டது. 1954-ல் பதவி விலகினார். அந்த ஆண்டுதான் பாரத ரத்னா பட்டமும் கிடைத்தது.

1959-ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1967-ல் தி.மு.க.வோடு கூட்டணி சேர்ந்து, தான் வளர்த்த காங்கிரசையே தமிழ்நாட்டில் தோற்கடித்தார்!

மழையில் போனார்

அந்தத் தி.மு.க. ஆட்சிதான் 1971-ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. அதற்கு முன்பே ராஜாஜிக்கு விஷயம் எட்டியது. அப்போது வயது 92. கொட்டும் மழையில் முதல்-அமைச்சர் கருணாநிதி வீட்டுக்கே போனார். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. ஆகஸ்டு 30-ந் தேதி தடை விலகியது.

மறு ஆண்டு, 1972 டிசம்பர் 25-ந் தேதி ராஜாஜி காலமானார்.

2003-ல் இருந்து மதுவைச் சில்லறையாக விற்பது டாஸ்மாக், அதாவது அரசாங்கமே. தொரப்பள்ளி வீட்டைப் பூட்டிக் காப்பதும் அதே அரசாங்கம்தான்!