தோல்விக்கு முன்னால் நின்றவர் – சதீஷ் தவான்



நம்ம மாவட்டத்து மகேந்திரகிரி மலை அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். பறக்குறதுக்கு முன்னாடி எதுக்கு இவ்வளவு சோதனை? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் பேராசிரியர் சதீஷ் தவான் அவர்களின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 25.9.1920 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் படித்தார். கணிதம் இயற்பியலில் ஒரு பட்டம், ஆங்கில இலக்கியத்தில் ஒரு பட்டம், இயந்திரப் பொறியியலில் ஒரு பட்டம். (நமக்கு ஒரு காலாண்டுத் தேர்வுக்கே நாக்கு தள்ளுது!) பிறகு பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அமெரிக்கா சென்று 1951-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, 1962-ல் அதன் இயக்குநர் ஆனார். ஆவ்ரோ விமானங்கள் பாதுகாப்பானவையா என்று சந்தேகம் வந்தபோது, அதை ஆராய்ந்த குழுவுக்கும் இவரே தலைவர். 1972-ல் இஸ்ரோ தலைவர் பொறுப்பும் வந்தது.

விமானம், ராக்கெட் ரெண்டுக்கும் ஒரு விஷயம் பொதுவானது. பாதி வழியில் ஓரமா நிறுத்தி ரிப்பேர் பார்க்க முடியாது. கிளம்புறதுக்கு முன்னால கண்ணுக்குத் தப்பினது, மேலே போய்த்தான் தெரியும்.

10.8.1979 அன்று அப்படித்தான் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவில் 17 டன் எடையுள்ள எஸ்.எல்.வி-3 ராக்கெட் தயாராக நின்றது. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். கிளம்ப சில நிமிடங்களே இருக்கும்போது, இரண்டாம் அடுக்கைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஒரு வால்வில் அழுக்கு சிக்கி, சரியாக மூடவில்லை. சைக்கிள் டியூப் வால்வுல ஒரு மண் துகள் மாட்டினாலே காத்து இறங்கிடும் இல்லையா? அது மாதிரி நைட்ரிக் அமிலம் கசிந்தது. கம்ப்யூட்டர் ஏவுதலை நிறுத்தியது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, மிச்சம் உள்ள அமிலம் போதும் என்றார்கள். கலாம் ஏவச் சொன்னார். இதை அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கு தறிகெட்டுப் போனது. 317 வினாடிகளில் ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பல வருஷ உழைப்பு கடலுக்குள் போயிருச்சு!

பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். கலாமை முன்னால் நிறுத்தாமல் தவான் தாமே பேசினார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும், அடுத்த ஆண்டு கட்டாயம் வெற்றி பெறுவோம் என்றும் சொன்னார்.

அதற்காகத் தப்பை மூடி மறைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுக்குள் ஒவ்வொரு தகவலையும் அலசினார்கள். கசிவு தெரிந்தும் ஏவுதலை நிறுத்தாதது தன் பொறுப்பு என்று ஆய்வுக் கூட்டத்தில் கலாமே எழுந்து சொன்னார். இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. யாரை மாட்டிவிடலாம்னு தேடினா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. அப்போ அந்த வால்வும் யாருக்கும் தெரியாமலே அடுத்த ராக்கெட்டிலும் ஏறிப் போயிருக்கும். தலைவர் வெளியில் அடியைத் தாங்கிக்கொண்டதால், உள்ளே இருந்தவர்கள் பயமில்லாமல் உண்மை பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

18.7.1980 அன்று அடுத்த எஸ்.எல்.வி-3 பறந்தது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. இந்த முறை பத்திரிகைக்காரர்களிடம் பேச தவான் போகவில்லை. கலாமை அனுப்பி வைத்தார்!

1984 வரை இஸ்ரோவை நடத்திய தவான், பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்பது பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். 3.1.2002 அன்று காலமானார். அதே ஆண்டு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை உடைந்தால், யார் உடைச்சதுன்னுதான் நாம முதல்ல கேக்கிறோம். எப்படி உடைஞ்சதுன்னு முதல்ல கேட்டுப் பாருங்க. உடைத்தவரே வந்து சொல்லிடுவார்.

– 9-ம் வகுப்பு மாணவி