கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார்

சந்தான குரவர் நால்வருள் இறுதியில் வைத்து எண்ணப்படுபவர் உமாபதி சிவாசாரியார். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு இவர் அருளியவை. அவற்றுள் ஒன்றாகிய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313இல் எழுந்தது என்பது அந்நூலானே அறியப்படும்.

இவர் தில்லைவாழந்தணர் மரபினர். பூசை முடித்துப் பகலிலே தீவட்டி முன்செல்லச் சிவிகையூர்ந்து மனைக்கு மீளுதல் இவர்க்கு அமைந்த வரிசை. அதன்கண் ஒரு குறையும் இவர்க்குத் தோன்றிற்றில்லை, உடனிருந்தார்க்கும் தோன்றிற்றில்லை. தம் குழுவினர் பெற்ற உயர்வை இயற்கையென்றே கொள்ளுதல் மாந்தர் வழக்கமன்றோ? தெருவில் இருந்த மறைஞான சம்பந்தர் அச்சிவிகையையும் பகல்விளக்கையும் இகழ்ந்து ஒரு சொல் மொழிந்தனர். புறத்தே நின்றார்க்குப் புலனாகிய உண்மை அச்சொல்லால் உமாபதியார்க்கும் புலனாயிற்று. உடனே இழிந்து அவர் பின் சென்றார்.

வழியிலே செங்குந்தர் பாவுக்கு இடுதற்கு வைத்த கூழைச் சம்பந்தர் கையேந்திப் பருக, ஒழுகியதனை உமாபதியார் குருவின் சேடமென உண்டார் என்பது மரபு. அதுகண்ட தில்லையந்தணர் அவரை விலக்கினர். அவர்தம் கல்வியும் ஒழுக்கமும் நேற்றிருந்தவாறே இருந்தன. குழுவின் வேலி ஒன்றே இடையில் எழுந்தது. அவர் கொற்றவன்குடியிலே மடம் அமைத்து உறைந்தார். பின்னர்த் திருவிழாவிற் கொடி ஏறாதொழிய, அவரையே அழைத்தனர் என்றும், கொடிக்கவி பாட அது ஏறிற்று என்றும் கூறுவர்.

வேலிக்குப் புறம்பானார் தமக்குக் கீழே மற்றொரு வேலி கோலுதலும் உலகியலே. உமாபதியார் அது செய்திலர். மடத்துக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பான் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குலத்தவர். அவர்க்கு முத்தி நல்குமாறு தில்லைக்கூத்தன் திருமுகம் விடுத்தனன் என்பது வரலாறு. உமாபதியார் குலம் நோக்காது தீக்கை செய்தனர். சாம்பான் சோதியிற் கலந்தனர். ஐயுற்றாரைத் தெளிவித்தற்கு முள்ளிச்செடிக்கும் அப்பேற்றை அளித்தனர் என்ப.

இவ்வரலாற்றை நம்மனோர் ஆண்டுதோறும் ஓதிவந்தனர். ஆயினும் சாம்பான் குலத்தாரைச் சென்னை மாகாணத்துத் திருக்கோயில்கள் பலவற்றின் புறத்தே நிறுத்தியும் வந்தனர். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியதாயிற்று. ஒருவர்க்கு நேர்ந்ததனை அற்புதமென வியந்து, ஏனையோர்க்கு உரியதனை மறுத்தோம். சிவிகையின் உள்ளிருந்தார்க்குப் பகல்விளக்கின் பேதைமை தோன்றாது. நாம் ஊர்ந்து செல்லும் சிவிகை யாதென ஆராய்ந்து இழிதலே இப்பெரியார்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.