உமறுப்புலவர் கற்ற சொற்கள்

மன்னார் வளைகுடாக் கரையில் முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற பழம்பெரும் பட்டினம் கீழக்கரை. சேதுபதிகள் ஆண்ட இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த இவ்வூர், அரபு நாட்டு வணிகத்தையும் தமிழ்ப் புலமையையும் ஒருங்கே வளர்த்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய அமுதகவி உமறுப்புலவரின் வாழ்வும் இவ்வூரோடு பிணைந்ததேயாகும்.

உமறுப்புலவர் 1642ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். தந்தையார் செய்கு முதலியார் நறுமணப் பொருள் வணிகர். அக்குடும்பம் எட்டயபுரத்தில் வாழ்ந்தமையால், அவ்வூர் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயிலும் பேறு இளம் உமறுவுக்குக் கிட்டியது.

அக்காலத்தில் புலமைக் கல்வியின் முதற்படி நிகண்டு மனனம். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் செய்யுளாகவே நெஞ்சில் பதித்த பின்னரே இலக்கண நூல்களுள் மாணாக்கர் புகுவர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தும் கசடறக் கற்ற உமறு, ஆசிரியருக்குப் பின் எட்டயபுர அவையை அணிசெய்தார்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகக் காண விழைந்தார். அப்பணியை ஏற்ற உமறுவிடம் தமிழ் நிறைந்திருந்தது. அரபு மூலங்களில் அமைந்த வரலாறு அவர் கைக்கு எட்டவில்லை. எனவே கீழக்கரையில் வாழ்ந்த மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவை நாடினார். புலவரின் அரசவைக் கோலம் கண்டு அப்பெரியார் முதலில் இசையவில்லை என்றும், பின்னர் இசைந்து பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் அனுப்பினார் என்றும் மரபுச் செய்தி கூறும். புகழ்பெற்ற புலவர் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்து பொருள் கேட்டார். பெரும் புலமைக்கு அழகு இப்பணிவன்றோ!

வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர் துணைநின்றார். விருத்தப் பாக்களால் இயன்ற சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்டது. காண்டம் என்பது பெரும்பிரிவு. படலம் அதன் உட்பிரிவு. இவை தமிழ்க் காப்பிய மரபு தந்த பெயர்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் அடைகளோ அரபு தந்தவை. முறையே பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு எனப் பொருள்படும். ஆகவே விலாதத்துக் காண்டம் என்னும் பெயரிலேயே இரு மொழியும் கைகோத்து நிற்கின்றன.

நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழகத்தின் மழையும் ஆறும் வயலும் கொண்டு புலவர் புனைந்தார். குறிஞ்சி, முல்லை, மருதம் என்னும் திணைப் பெயர்களை அறியாதார்க்கு அப்பகுதி வியப்பையே தரும். அறிந்தார்க்கோ, தம் மண்ணின் வளத்தையெல்லாம் நாயகம் பிறந்த நாட்டிற்குக் காணிக்கையாக்கிய அன்பு விளங்கும்.

நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி நிறைவுசெய்யாமலே 1703இல் புலவர் மறைந்தார் என்பர். எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடி ஆராய்ந்து, 1842இல் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். எட்டயபுரத்தில் அடங்கியுள்ள புலவருக்கு, அரசு எழுப்பிய மணிமண்டபம் அவ்வூரிலேயே உள்ளது.

மண்டபம் மட்டும் ஒரு புலவரை வாழவைக்காது. நூலைப் பயில்வோரே வாழவைப்பர். இன்று நம் வகுப்புகளில் தீன், கலிமா என்னும் சொற்களை இல்லத்திலேயே அறிந்த மாணவர் படலம், விருத்தம், உருவகம் என்றதும் மயங்குகின்றனர். யாப்பும் அணியும் அறிந்த மாணவர் நுபுவ்வத்து என்றதும் ஏட்டை மூடிவிடுகின்றனர். இருவரும் அருகருகே அமர்ந்து ஒருவர்க்கொருவர் சொற்பொருள் உரைத்தால் சீறாவின் கதவு இருவருக்கும் திறக்கும். கடிகைமுத்துப் புலவரிடமும் லெப்பை அலி ஹாஜியாரிடமும் ஒருசேரக் கடன்பட்டவர் உமறு. மாணவச் செல்வங்களே, நாளுக்குப் பத்துச் சொற்களேனும் குறிப்பேட்டில் எழுதிப் பொருள் தேறுங்கள். நாட்டுப் படலத்திலிருந்து தொடங்குங்கள்.