பாலையைக் கடந்த யுவான் சுவாங்

சீன நாட்டில் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்தத் துறவி யுவான் சுவாங். இளம் வயதிலேயே துறவு மேற்கொண்ட அவர், பௌத்த நூல்களை ஆழ்ந்து கற்றார். ஆனால், சீன மொழிபெயர்ப்புகள் பல இடங்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தன. ஆசிரியர்களும் வெவ்வேறு விளக்கங்களைக் கூறினர். இந்தியாவுக்குச் சென்று மூல நூல்களைக் கற்றால்தான் தம் ஐயம் தீரும் என்று அவர் முடிவு செய்தார்.

அக்காலத்தில் சீன மக்கள் எல்லையைக் கடந்து செல்ல அரசு தடை விதித்திருந்தது. யுவான் சுவாங் அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. கி.பி. 629ஆம் ஆண்டில் அவர் யாரும் அறியாமல் புறப்பட்டார். பகலில் மறைந்திருந்து, இரவில் பயணம் செய்து எல்லைப் பகுதியை அடைந்தார். அங்கே முதியவர் ஒருவர், இந்த வயதான குதிரை ஹாமி என்னும் பாலைவனச் சோலைக்குப் பதினைந்து முறை சென்று வந்தது என்று கூறி, தம் குதிரையை அவரிடம் கொடுத்தார். மெலிந்திருந்த அக்குதிரையைத் தம் குதிரைக்கு மாற்றாக யுவான் சுவாங் பெற்றுக்கொண்டார். உடன் வந்த வழிகாட்டியோ அஞ்சிப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டான்.

தனியே சென்ற அவருக்கு எலும்புக் குவியல்களும் குதிரைச் சாணமுமே வழியைக் காட்டின. எல்லைக் காவற்கோபுரங்களின் அருகில் மட்டுமே தண்ணீர் இருந்தது. முதற்கோபுரத்தின் அருகே அவர் தண்ணீர் எடுக்க முயன்றபோது காவலர்கள் அம்பு எய்தனர். அவர் பிடிபட்டார். எனினும், அவருடைய மன உறுதியைக் கண்ட அதிகாரி, உணவும் தண்ணீரும் தந்து அவரை வழியனுப்பி வைத்தார்.

அதன்பின் கோபிப் பாலைவனத்தின் கடுமையான பகுதி தொடங்கியது. அங்கே பறவையும் இல்லை, விலங்கும் இல்லை, புல்லும் இல்லை. யுவான் சுவாங் வழி தவறினார். தண்ணீர் குடிக்க முயன்றபோது தோற்பை கைநழுவி விழுந்தது. பல நாளைக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் மணலில் கொட்டிப்போனது. வேறு வழியின்றி அவர் வந்த திசையிலேயே திரும்பினார். சிறிது தொலைவு சென்றதும், இந்தியாவை அடையும்வரை கிழக்கு நோக்கி ஓர் அடியும் வைப்பதில்லை என்று தாம் எடுத்த உறுதி நினைவுக்கு வந்தது. திரும்பிச் சென்று உயிர் வாழ்வதைவிட முன்னேறிச் சென்று இறப்பதே மேல் எனக் கருதிக் குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார்.

நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடைக்கவில்லை. அவரும் குதிரையும் மணலில் சாய்ந்தனர். ஐந்தாம் நாள் இரவு வீசிய குளிர்காற்று அவருக்குச் சற்றுத் தெம்பு தந்தது. எழுந்து புறப்பட்டபோது குதிரை திடீரென வேறு பக்கம் திரும்பியது. அவர் இழுத்தும் அது நிற்கவில்லை. அது சென்ற இடத்தில் பசும்புல்லும் தெளிந்த நீர்நிலையும் இருந்தன. பழகிய குதிரையின் அனுபவம் அவரைக் காப்பாற்றியது. அங்கு ஒருநாள் தங்கிய பின், மேலும் இரண்டு நாள் பயணம் செய்து அவர் ஹாமியை அடைந்தார்.

ஹாமி, துர்பான் போன்ற சோலைகள் மலைகளில் உருகும் பனிநீரால் செழித்தவை. வணிகர்கள் அங்கே தங்கித் தண்ணீரும் உணவும் பெற்றனர். துர்பான் பகுதியை ஆண்ட மன்னர், யுவான் சுவாங்கைத் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ மூன்று நாள் உண்ணாமல் இருந்து தம் உறுதியைக் காட்டினார். மன்னர் மனம் மாறி, 30 குதிரைகளையும் 25 உதவியாளர்களையும் கொடுத்து அனுப்பினார். திரும்பும்போது அங்கே மூன்றாண்டுகள் தங்கிக் கற்பிப்பதாக யுவான் சுவாங் வாக்களித்தார்.

இந்தியாவை அடைந்த அவர் நாளந்தாவில் பயின்றார். பல்லவர் தலைநகரான காஞ்சிபுரத்துக்கும் வந்தார். கி.பி. 645ஆம் ஆண்டில் 657 நூல்களுடன் அவர் சீனாவுக்குத் திரும்பினார். துர்பான் மன்னர் அதற்குள் இறந்துவிட்டதால், தந்த வாக்கை நிறைவேற்ற அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அனுமதியின்றிச் சென்றவரைப் பேரரசர் மதிப்புடன் வரவேற்றார். கி.பி. 664ஆம் ஆண்டில் மறையும்வரை யுவான் சுவாங் 70க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவர் எழுதிய பயணக் குறிப்புகள், அக்கால இந்தியாவையும் பாலைவனச் சோலைகளையும் அறிய ஆய்வாளர்களுக்கு இன்றும் துணைபுரிகின்றன. அன்று மணலில் அவர் கிழக்கே திரும்பிச் சென்றிருந்தால், அந்த அறிவுச் செல்வம் நமக்குக் கிடைத்திருக்காது.