ஊரை விட்டு அகலாத அமீர்: அபூ உபைதா (ரலி)

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்பகுதி தமிழ்நாட்டில். தண்ணீரில் எல்லைக்கோடு கிடையாது. ஆனால் 2020 மார்ச் இறுதியில் கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, கரையில் எல்லை எழுந்தது. பேருந்து நின்றது, சந்தைகள் மூடின. அன்றன்று பிடித்த மீனையும் இறாலையும் நண்டையும் அன்றன்றே விற்றுச் சாப்பிடும் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களுக்குப் பயணத்தடை என்பது அடுப்போடு சேர்ந்த விஷயம்.

பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. அந்த ஆண்டு ரமளானில் தராவீஹ் வீட்டுக்குள்ளேயே முடிந்தது. இந்தியாவிலிருந்து யாரும் ஹஜ்ஜுக்குப் போக முடியவில்லை. போதாக்குறைக்கு, நோய் பரவியதற்கு நம் சமுதாயத்தின் மீதே பழி போட்டவர்களும் இருந்தார்கள். மரணம் அல்லாஹ் விதித்தபடிதான் வரும், பிறகு ஏன் பள்ளியை மூட வேண்டும், ஏன் ஊரை அடைக்க வேண்டும் என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுந்தது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் சாதாரண மனிதர் அல்லர். சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். இந்தச் சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர், அதாவது அமீன், என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்டவர். அவர்தான் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி).

மக்காவிலிருந்து கடற்கரை வரை

இயற்பெயர் ஆமிர். குறைஷிக் குலத்தின் ஃபிஹ்ர் கிளையைச் சேர்ந்தவர். இஸ்லாத்தின் தொடக்க நாட்களிலேயே அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்றவர். பத்ருப் போரில் கலந்துகொண்டார். உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் கன்னத்தில் தலைக்கவசத்தின் வளையங்கள் குத்தி இறங்கியபோது, அவற்றைத் தம் பற்களால் கடித்து இழுத்தார். அதில் அவருடைய முன்பற்கள் இரண்டும் விழுந்தன.

மீனவ ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அவருடைய வாழ்வில் மிக நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் 300 பேரை அவருடைய தலைமையில் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பினார்கள். வழியில் உணவு தீர்ந்துகொண்டு வந்தது. அபூ உபைதா எல்லோரிடமும் மிச்சமிருந்ததை ஒரே இடத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்ந்தது இரண்டு பை பேரீச்சம்பழம். அதை அளந்து அளந்து தினமும் பங்கிட்டார். கடைசியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பழம் என்றானது. அதுவும் தீர்ந்தபின் இலைகளைத் தின்றார்கள்.

அப்போது கடல் ஒரு பிரம்மாண்டமான மீனைக் கரையில் ஒதுக்கியது. செத்த மீனை உண்ணலாமா என்று அபூ உபைதா முதலில் தயங்கினார். பிறகு, அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், பசியால் வாடுகிறவர்கள் என்பதை எண்ணி அனுமதித்தார். பல நாட்கள் அந்தப் படை அதையே உண்டது. அதன் விலா எலும்புகளை நட்டு வைத்தபோது ஒட்டகம் அதன் கீழே கடந்து போனதாம். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள் அதை அல்லாஹ் தந்த உணவு என்று ஏற்று, தாமும் அதிலிருந்து உண்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் அவருடைய குணம் முழுவதும் தெரிகிறது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று முதலில் யோசிப்பார். கையில் இருப்பதை மக்களோடு சமமாகப் பங்கிடுவார்.

ஸர்ஃகில் எழுந்த கேள்வி

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அவர் ஷாம் நாட்டின் தளபதியானார். அங்கே அவருடைய வீட்டுக்குப் போன கலீஃபா கண்டதெல்லாம் வாள், கேடயம், ஒட்டகச் சேணம் ஆகியவை மட்டுமே.

ஹிஜ்ரி 18 வாக்கில் பாலஸ்தீனத்தின் அம்வாஸில் கொள்ளைநோய் வெடித்து ஷாமில் பரவியது. மதீனாவிலிருந்து ஷாம் நோக்கி வந்துகொண்டிருந்த உமர் (ரலி), எல்லையிலுள்ள ஸர்ஃக் என்ற இடத்தில் இந்தச் செய்தியை அறிந்தார்கள். உடனே உத்தரவு போட்டுவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், அவர்களிடம் கருத்து வேறுபாடு. அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களிடமும் அப்படியே. பிறகு குறைஷி மூத்தவர்களைக் கேட்டபோது, மக்களை நோயின் வாயில் கொண்டுபோய் விடாமல் திரும்புவதே சரி என்று அனைவரும் ஒரே குரலில் கூறினார்கள். காலையில் திரும்பப் போவதாக உமர் (ரலி) அறிவித்தார்கள்.

அபூ உபைதாவுக்கு அது பொறுக்கவில்லை. அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். உமர் (ரலி) அவரை அடக்கவில்லை, விளக்கினார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்கிறோம், ஒட்டகத்தை வறண்ட சரிவில் மேய்த்தாலும் பசுமையான சரிவில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படியே என்று உவமையோடு எடுத்துரைத்தார்கள். அதற்குள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதைத் தெரிவித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையக் கூடாது, அது நாம் இருக்கும் ஊரிலேயே வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறவும் கூடாது என்பதே அது. உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

மறுபாதியைச் சுமந்தவர்

அந்த ஹதீஸின் முதல் பாதி வெளியே இருப்பவர்களுக்கு. இரண்டாவது பாதி உள்ளே இருப்பவர்களுக்கு. அதைச் சுமப்பதுதான் கடினம். அபூ உபைதா தம் மக்களிடமே திரும்பிச் சென்றார்.

பிறகு அவரைக் காப்பாற்ற விரும்பிய உமர் (ரலி), அவசரத் தேவை இருப்பதாகவும் உடனே புறப்பட்டு வரும்படியும் கடிதம் எழுதினார்கள். நோக்கம் என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. தாம் முஸ்லிம்களின் படையோடு இருப்பதாகவும், அவர்களை விட்டுத் தம்மை மட்டும் காத்துக்கொள்ள மனமில்லை என்றும் பதில் எழுதினார். அதைப் படித்து உமர் (ரலி) அழுதார்கள். மக்களைத் தாழ்வான பகுதியிலிருந்து உயரமான, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு செல்லும்படி மறுபடியும் எழுதினார்கள். அந்த நோயிலேயே தம் 58வது வயதில் அபூ உபைதா (ரலி) வஃபாத்தானார்கள். பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதே நோயில் மறைந்தார்கள். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள். அப்போதும் சிலர் எதிர்த்தார்கள். ஆனாலும் மக்கள் பிரிந்து சென்றார்கள், நோய் தணிந்தது. சுமார் 25,000 பேர் இறந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நமக்கான பாடம்

கேள்வி கேட்பது ஈமான் குறைவு அல்ல. கேட்டவரை உமர் (ரலி) ஏளனம் செய்யவும் இல்லை. பயணத்தடையை ஏற்கச் சொல்கிறவர் முதலில் மக்களிடம் ஆலோசிக்க வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் தெளிவானபின், ஏற்றுக்கொள்வது நம் கடமை.

ஊரை அடைத்தால் உள்ளே இருப்பவர்களின் பசிக்கும் பொறுப்பேற்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் முறை வைத்து வலை போடும் 'பாடு' என்ற பழைய வழக்கத்தை அறிவோம். தன் முறை வரும்வரை ஒருவன் பொறுத்திருப்பது, அடுத்தவனும் தன் முறையை மதிப்பான் என்ற நம்பிக்கையில்தான். பயணத்தடையும் அப்படித்தான். இரண்டு பை பேரீச்சம்பழத்தை 300 பேருக்குப் பங்கிட்ட அமீரைப் போல, அரசும் ஜமாஅத்தும் வசதி படைத்தவர்களும் பங்கிட முன்வந்தால், படகைக் கரையில் கட்டிப்போட்டவன் மனநிறைவோடு வீட்டில் இருப்பான்.

இன்னொரு நோய் வரலாம், இன்னொரு தடையும் வரலாம். அப்போது ஸர்ஃகில் கேள்வி கேட்ட அபூ உபைதாவை மட்டுமல்ல, அழைப்பு வந்தும் தம் மக்களை விட்டு அகலாத அபூ உபைதாவையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக! நம் கரையோர ஊர்களையும் எல்லா ஊர்களையும் நோயிலிருந்தும் பசியிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.